சொல்வளம் தந்த வீரமாமுனிவர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

செல்வங்கள் பல. அவற்றுள் சொற்செல்வம் தனிச் சிறப்புடையது. பொன்னும் பொருளும் கொடுக்கக் குறையும். சொல்லோ கொடுக்கக் கொடுக்க வளரும். அத்தகைய சொற்செல்வத்தை நம் தமிழ்மொழிக்கு வாரி வழங்கியவர், தமிழ்நாட்டில் பிறவாத ஒருவர். முப்பது வயதில்தான் தமிழ் மண்ணை மிதித்தவர். அவரே வீரமாமுனிவர். அவரைப் பற்றிப் பாடநூலில் படித்து, தேர்வில் விடை எழுதி, பிறகு மறந்துவிட்ட மாணவியருள் நானும் ஒருத்தி. அவரை மீண்டும் தேடிப் போகும்படி செய்தது, என் நோட்டில் விழுந்த ஒரு சிவப்பு வட்டம்.

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் தமிழாசிரியையான சிஸ்டர் அவர்கள் வகுப்புக்கு ஓர் ஒப்படைப்பு கொடுத்தார்கள். மழை, காற்று, வெயில், ஆறு இவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் நாற்பது திரட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுத வேண்டும். கடைசியில் காலநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். நான் ஒரே இரவில் முடித்துவிட்டேன். பத்தொன்பது சொற்களுக்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை. பத்தியில், 2017ஆம் ஆண்டு ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரி வெறும் மணலாய்க் கிடந்ததை எழுதினேன். அப்போது எனக்கு ஏழு வயது. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஆண்டு ஆற்றில் நீர் வராததே காலநிலை மாற்றம் என்று எழுதி முடித்தேன்.

நோட்டு திரும்பி வந்தபோது அந்த வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. ஒரு நாளின், ஓர் ஆண்டின் செய்தி வானிலையைச் சேர்ந்தது. முப்பது ஆண்டுக் கணக்கையாவது பார்த்துச் சொல்வதே காலநிலை. தவிரவும் காவிரி வறண்டதற்கு மழைக் குறைவோடு அணைகளும் நீர்ப் பங்கீட்டுத் தகராறும் காரணமாயிற்றே என்று சிஸ்டர் விளக்கினார்கள். ஒரு சொல்லின் இடத்தில் வேறொரு சொல்லைப் போட்டால் உண்மையே இடம் மாறிவிடும் என்றார்கள். மீண்டும் எழுதி வரச் சொன்னார்கள். அதற்கு முன், தமிழுக்கு அகராதி செய்தவர் எப்படி வாழ்ந்தார், எப்படிச் சொல் சேர்த்தார் என்று படித்துவிட்டு வரும்படியும் பணித்தார்கள். அந்தப் படிப்பின் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகரைச் சார்ந்த பகுதியில், காஸ்திகிளியோனே என்னும் ஊர் இருக்கிறது. இளைஞர்களின் பாதுகாவலராகப் போற்றப்படும் புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. அங்கே 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்று அதற்குப் பெயரிட்டனர்.

இளமையிலேயே கல்வியில் ஆர்வம் மிகுந்த பெஸ்கி, 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார். 1709இல் குருப்பட்டம் பெற்றார். அந்நாளில் மதுரை மறைப்பணித் தளத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கடிதங்கள் சென்றுகொண்டிருந்தன. தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடை தரித்துத் தமிழ்த் துறவியாகவே வாழ்ந்த வரலாறு அங்கே பரவியிருந்தது. அருளானந்தர் ஓரியூரில் 1693இல் உயிர்த்தியாகம் செய்த செய்தியும் பரவியிருந்தது. பெஸ்கியின் உள்ளம் தமிழகத்தை நாடியது. தாயகத்தில் கிடைக்கக்கூடிய பதவியையும் பெருமையையும் துறந்து, தொலைதூர நாட்டுக்குச் செல்ல முன்வந்தார்.

கடல் கடந்த பயணம்

இன்று ரோமாபுரியிலிருந்து சென்னைக்கு ஒரே நாளில் பறந்து வந்துவிடலாம். அன்று விமானம் இல்லை. நீராவிக் கப்பல் இல்லை. சூயஸ் கால்வாயும் இல்லை. அது 1869இல்தான் திறக்கப்பட்டது. பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பல மாதங்கள் மிதந்து வந்தன. காற்றே அவற்றின் எரிபொருள். ஐரோப்பாவிலிருந்து புறப்படும் மாலுமிகள் நம் நாட்டின் தென்மேற்குப் பருவக்காற்றைக் கணக்கிட்டே பாய் விரித்தனர். காற்று தவறினால் கப்பலும் தவறும்.

அவ்வாறு புறப்பட்ட பெஸ்கி, 1710ஆம் ஆண்டு கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து தெற்கே பயணம் செய்து 1711இல் தமிழகத்தை அடைந்தார். நமக்கு மழை தரும் அதே பருவக்காற்றுதான் தமிழுக்கு ஓர் அகராதி ஆசிரியரையும் கொண்டுவந்து சேர்த்தது என்று எண்ணும்போது என் மனம் மகிழ்கிறது.

தமிழ் கற்ற மாணவர்

தோழியரே! நாம் அனைவரும் தமிழைத் தாயிடம் கேட்டே கற்றோம். முப்பது வயதில், முற்றிலும் புதிய எழுத்தோடும் புதிய ஒலியோடும் ஒரு மொழியைத் தொடங்குவது எவ்வளவு கடினம்! ழகரமும் றகரமும் அவர் நாவில் எளிதில் வந்திருக்குமா? அந்நாளில் அச்சிட்ட தமிழ்ப் பாடநூல்கள் மாணவர் கைக்குக் கிடைப்பது அரிது. பனையோலைச் சுவடிகளே நூல்கள். சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுகளை மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

பெஸ்கி பின்வாங்கவில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் பயின்றார் என்பர். திருக்குறள் முதலான நூல்களை ஆழ்ந்து கற்றார். கற்றதோடு நில்லாமல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்தார். வடமொழி, தெலுங்கு முதலிய மொழிகளையும் கற்றார்.

உடையிலும் உணவிலும் அவர் தமிழ்த் துறவியானார். காவி உடுத்தினார், புலால் நீக்கினார். தம் பெயரையும் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். அப்பெயர் வடமொழியாக இருந்ததால் பின்னர் வீரமாமுனிவர் என்னும் தூய தமிழ்ப் பெயரே நிலைத்தது. என்னே அவரது தமிழார்வம்!

அவருடைய பணி மலர்ப்பாதையில் நடந்ததன்று. வந்த சில ஆண்டுகளிலேயே, 1714-15இல், குருக்கள்பட்டியில் எதிர்ப்பாளரிடம் அகப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளாகும் நிலையிலிருந்து மயிரிழையில் தப்பினார். ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. உயிரைப் பறிக்கவிருந்த நாட்டிலேயே தங்கி, அந்நாட்டு மொழிக்கு உழைத்தார்.

கொள்ளிடக் கரையில்

முனிவர் பல ஊர்களில் பணிபுரிந்தார். அவற்றுள் நமக்கு மிக அருகில் உள்ளது ஏலாக்குறிச்சி. இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார். அடைக்கல மாதாவுக்கு அங்கே ஆலயம் எழுப்பினார். அவ்வன்னை மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயத்தையும் அமைத்தார்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்களுக்குக் கொள்ளிடம் வடக்கு எல்லை. காவிரி தெற்கு எல்லை. முக்கொம்பில் பிரியும் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தீவே எங்கள் ஊர். நாள்தோறும் நான் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கு வருகிறேன். எங்கள் ஊரின் வடபுறம் ஓடும் அதே கொள்ளிடம்தான் கிழக்கே சென்று முனிவர் வாழ்ந்த ஊரின் பக்கமும் பாய்கிறது. அவர் காலத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணை இல்லை. 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் இல்லை. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை ஒன்றே இருந்தது. குடகு மலையில் மழை பெய்தால் இங்கே வெள்ளம், பெய்யாவிட்டால் மணல். மக்களோடு மக்களாய் அவர் அந்த வெள்ளத்தையும் மணலையும் கண்டிருப்பார்.

அந்நாளில் திருச்சிராப்பள்ளி மதுரை நாயக்கர்களின் தலைநகராக விளங்கியது. பின்னர் சந்தா சாகிப் கைக்கு வந்தது. அவரைச் சந்தித்துத் தம் மக்களுக்குப் பாதுகாப்புக் கேட்பதற்காகவே முனிவர் பாரசீகமும் உருதும் கற்றார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். பிறரிடம் பேச வேண்டுமானால் முதலில் அவர்களுடைய சொல்லைக் கற்க வேண்டும் என்பது அவரது வாழ்நாள் கொள்கையாக இருந்தது.

ஒரு கோடு செய்த உதவி

ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது புள்ளி வைத்தால் ஓலை கிழியக்கூடும். ஆகவே புள்ளி வைப்பதைப் பலரும் விட்டுவிட்டனர். எகர ஒகரங்களில் குறிலுக்கு மேல் புள்ளி இடுவது பழைய மரபு. புள்ளி போனதும் குறில் எது, நெடில் எது என்பது விளங்காமல் போயிற்று. படிப்பவர் இடம் நோக்கி ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற முனிவருக்கு இந்தத் துன்பம் நன்றாகத் தெரிந்திருந்தது. புள்ளிக்குப் பதிலாக நெடிலுக்கு வேறு வடிவம் தந்தார். எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்து ஏகாரம் ஆக்கினார். ஒகரத்தின் கீழே சுழித்து ஓகாரம் ஆக்கினார். உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்னும் வேறுபாட்டையும் அமைத்தார். இன்று நாம் எழுதும் முறை இதுவே.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். எரி என்றால் நெருப்பு. ஏரி என்றால் நீர்நிலை. கொடை என்றால் ஈகை. கோடை என்றால் வெயிற்காலம். நெருப்பையும் நீரையும் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு கோடுதான். இதைச் சிஸ்டர் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது என் நோட்டில் இருந்த சிவப்பு வட்டத்தின் பொருள் எனக்குப் புரிந்தது.

தேம்பாவணியும் பிற நூல்களும்

முனிவர் இயற்றிய நூல்களுள் தலைசிறந்தது தேம்பாவணி. 1726ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட காப்பியம். மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்டது. தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி என்றும், வாடாத மாலை என்றும் அதன் பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர்.

இதில் ஒரு புதுமை உண்டு. காப்பியம் யூதேயா நாட்டை வருணித்துத் தொடங்குகிறது. யூதேயா வறண்ட நிலம் மிகுந்த நாடு. ஆனால் முனிவரின் நாட்டுப் படலத்தில் மேகம் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயல்கள் செழிக்கின்றன. தமிழ்க் காப்பியங்களின் மரபை ஒட்டி, தாம் கண்ட தமிழ்நாட்டு மருத நிலத்தையே அவர் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். மழையையும் ஆற்றையும் பாட நம் மொழியில் எத்தனை சொற்கள் இருந்தன என்பதற்கு அப்படலமே சான்று.

உரைநடையிலும் அவர் முன்னோடி ஆவார். வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை எளிய உரைநடையில் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்து இலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730இல் இயற்றினார். மக்கள் அன்றாடம் பேசும் தமிழுக்கும் இலக்கணம் வேண்டும் என்று கருதி, கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அது தரங்கம்பாடியில் 1738இல் அச்சாயிற்று. தரங்கம்பாடி அச்சகமோ முனிவரோடு சமயக் கருத்தில் மாறுபட்ட லுத்தரன் சபையாருடையது! மாறுபட்டவரும் மதித்த புலமை அவருடையது.

சதுரகராதி

அவருடைய தொண்டுகளுள் மாணவர்களாகிய நமக்கு மிகவும் பயன்பட்டது சதுரகராதி. அகரத்தை ஆதியாகக் கொண்டு சொற்களை வரிசைப்படுத்துவதால் அகராதி என்று பெயர். அதற்கு முன் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளால் ஆனவை. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று வகை வகையாகச் சொற்களைத் தொகுத்தவை. புலவர்க்கு அவை பொக்கிஷம். புதிதாகப் படிப்பவருக்கோ, ஒரு சொல்லைத் தேடி எடுப்பது கடலில் முத்துக் குளிப்பது போன்றது. 1594இல் தோன்றிய அகராதி நிகண்டு சொற்களை அகர வரிசையில் வைத்தது. ஆனால் முதலெழுத்தை மட்டுமே நோக்கியது, அதுவும் செய்யுள்தான்.

வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதி, முதலெழுத்தோடு நில்லாமல் அடுத்தடுத்த எழுத்துகளையும் நோக்கிச் சொற்களை வரிசைப்படுத்தியது. செய்யுளை விட்டு, சொல்லும் பொருளுமாக நேரே எழுதியது. எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் தேடி எடுக்கலாம்! புலவர் வீட்டு அறையில் இருந்த சொற்களை எல்லாருக்கும் எட்டும் இடத்தில் அவர் எடுத்து வைத்தார்.

சதுர் என்றால் நான்கு. அந்நூல் நான்கு பகுதிகளை உடையது. பெயர் அகராதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. பொருள் அகராதி ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருவது. தொகை அகராதி, எண்ணோடு சேர்ந்து வழங்கும் தொகைகளை விரித்துக் கூறுவது. தொடை அகராதி, செய்யுள் இயற்றுவோருக்கு உதவும் எதுகைச் சொற்களைத் தருவது. ஓலையில் எழுதப்பட்ட இந்நூல், முனிவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1824இல் சென்னையில் அச்சேறியது.

இதைப் படித்ததும் என் ஒப்படைப்பை எப்படி மீண்டும் எழுதுவது என்ற வழி தெரிந்தது. எங்கள் பாட்டிக்கு வயது 82. அவர் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் காற்றையும் மழையையும் பற்றி அவரிடம் கேட்டால் சொற்கள் அருவியாய் வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நோட்டும் பேனாவுமாக அவர் அருகில் அமர்ந்தேன். என் நோட்டையும் நான்காகப் பிரித்துக்கொண்டேன்.

பெயர்ப் பகுதியில் கோடை என்று எழுதினேன். அது வெயிற்காலம், மேற்கேயிருந்து வீசும் காற்றுக்கும் அதுவே பெயர். பொருள் பகுதியில் மழை என்று எழுதி, அதன் கீழே தூறல், சாரல், தூவானம், அடைமழை, ஆலங்கட்டி மழை என்று அடுக்கினேன். தொகைப் பகுதியில் ஆறு பருவங்களையும் எழுதினேன். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். நான்கு காற்றுகளையும் எழுதினேன். வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. தொடைப் பகுதியில் மழை, தழை, பிழை என்று எதுகை சேர்த்தேன். மொத்தம் 53 சொற்கள் கிடைத்தன.

அவற்றுள் ஊற்று என்னும் சொல்லில் மட்டும் பாட்டி சற்று நின்றுவிட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது, வெயிற்காலத்தில் காவிரி மணலில் கையாலேயே பள்ளம் தோண்டுவார்களாம். சிறிது நேரத்தில் தெளிந்த நீர் ஊறி நிற்குமாம். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வருவார்களாம். நான் அதைக் கண்டதே இல்லை. சொல் எனக்குத் தெரியும்; பொருள் தெரியாது. எங்கள் வீட்டில் இச்சொற்களின் பொருளைக் கண்ணால் கண்டவர் பாட்டி ஒருவரே. நான் அன்று எழுதி வைக்காதிருந்தால், அவரோடு அவை போயிருக்கும். ஓர் அகராதி எதைக் காப்பாற்றுகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

பரமார்த்த குருவும் நாமும்

முனிவர் பெரும்புலவர் மட்டுமல்லர், நகைச்சுவையிலும் வல்லவர். சிறு வகுப்பில் நாம் விழுந்து விழுந்து சிரித்துப் படித்த பரமார்த்த குருவின் கதை அவர் எழுதியதே. அது 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடும் வெளிவந்தது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்க வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கிறார்கள். கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணுகிறார்கள். எண்ணுபவர் தம்மை எண்ண மறந்துவிடுவதால் ஒருவர் குறைகிறார். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள்.

முன்பு இதைப் படித்தபோது சிரித்தேன். இப்போது சிந்திக்கிறேன். இயற்கையைக் கெடுத்தவர் யார் என்று கணக்கெடுக்கும்போது ஆலைகளை எண்ணுகிறோம், பிற நாடுகளை எண்ணுகிறோம், அரசை எண்ணுகிறோம். எண்ணுகிற நம்மை மட்டும் விட்டுவிடுகிறோம். ஆளில்லாத வகுப்பறையில் சுழலும் மின்விசிறியும், திறந்தே கிடக்கும் குழாயும் யாருடைய கணக்கில் வரும்? நாமும் அந்தச் சீடர்களின் வரிசையில்தான் நிற்கிறோமோ என்று அஞ்சுகிறேன்.

அன்றும் இன்றும்

முனிவர் கொள்ளிடக் கரையில் வாழ்ந்த காலத்தில், காற்றில் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. பின்னர் நீராவி எந்திரங்களும் ஆலைகளும் பெருகின. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தன. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 315 ஆகியிருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இவ்வாயு போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து உலகில் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. இவை ஓராண்டுக் கணக்கல்ல; பல தலைமுறைக் கணக்கு. இதற்குத்தான் காலநிலை மாற்றம் என்ற சொல் பொருந்தும்.

நம் ஊருக்கு வருவோம். வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலவில்லை. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. அதை அடுத்து வந்ததே நான் கண்ட மணற்காவிரி. மறு ஆண்டே, 2018 ஆகஸ்டு மாதத்தில், வெள்ளம் கரைபுரண்டது. கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. ஆகஸ்டு 22ஆம் நாள் இரவில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஏழு வயதில் மணலையும் எட்டு வயதில் வெள்ளத்தையும் கண்டேன். இவ்விரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அந்தப் பாடத்தைக் கற்றுவிட்டேன். பூமி சூடேறச் சூடேறக் காற்று அதிக ஈரத்தை ஏந்தும். அதனால் பெருமழை மேலும் பெருமழையாகும், வறட்சியும் கடுமையாகும் என்று அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். அத்தகைய காலத்தில் வாழப்போகிறவர்கள் நாம்தான்.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் பூமியை நம் அனைவரின் பொது இல்லமாகக் காட்டினார்கள். இல்லம் என்பது எத்துணை இனிய சொல்! வீட்டின் ஓட்டையை வீட்டார்தாம் அடைக்க வேண்டும்.

இறுதி நாட்கள்

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினர். சந்தா சாகிப் சிறைப்பட்டார். போரால் நாடு கலங்கியது. முதுமையில் முனிவர் தெற்கு நோக்கிச் சென்றார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தமிழ் மண்ணுக்கு வந்தபின் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். தாயகத்துக்குத் திரும்பவே இல்லை. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. ஆனால் நாம் எழுதும் ஒவ்வோர் ஏகாரமும் ஓகாரமும் அவருக்கு வைத்த சிலையே அன்றோ!

முடிவுரை

மீண்டும் எழுதிய நோட்டைச் சிஸ்டரிடம் கொடுத்தேன். இம்முறை பாட்டி சொன்னவற்றை ஒரு பக்கமும், அளந்து கண்ட கணக்குகளை எதிர்ப்பக்கமும் எழுதியிருந்தேன். நினைவு வேறு, கணக்கு வேறு. இரண்டும் வேண்டும் என்று அடியில் குறித்திருந்தேன். சிவப்பு மை இம்முறை ஒரு பிழையைத்தான் வட்டமிட்டது. ஏரி என்று எழுத வேண்டிய இடத்தில் அவசரத்தில் எரி என்று எழுதியிருந்தேன்! முனிவர் இட்ட கோட்டை நானே மறந்துவிட்டேன்.

அன்புத் தோழியரே! மொழி தெரியாத நாட்டுக்கு வந்த ஒருவர், அந்நாட்டுச் சொற்களைப் பிறர்க்காகச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். இம்மண்ணிலேயே பிறந்த நாம் என்ன செய்யப்போகிறோம்? விடுமுறையில் உங்கள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, மழைக்கும் காற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள், எழுதி வையுங்கள். மழைமானியில் மழையையும் அளந்து வையுங்கள். கணக்கெடுக்கும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். சொல்லில் தெளிவு பிறந்தால் செயலிலும் தெளிவு பிறக்கும். வீரமாமுனிவர் வழிநின்று மொழியையும் மண்ணையும் காப்போமாக!